திருச்சியில் ஏறி கினபாத்தாங்கானில் இறங்க: மழைக்காட்டு ஆற்றில் முதல் படகுப் பயணம்

பள்ளத்தூரில் வளர்ந்த எனக்கு ஆறு என்றால் பாலத்துக்குக் கீழே கிடக்கும் மணல். மணிமுத்தாறு, பாம்பாறு என்று பெயர்கள் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் தண்ணீர் ஓடும். அப்புறம் கருவேல முள்தான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஊருணியும் கண்மாயும். மழைக்காட்டு ஆற்றில் படகேறப் போகிறேன் என்றதும் அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, தண்ணி பாக்கவா இம்புட்டுக் காசு?"

தண்ணி பார்க்கத்தான். இரண்டு முறை போய் வந்துவிட்டேன். முதல் முறை பாதிக் காசு வீண். இரண்டாம் முறை ஒழுங்காகப் பார்த்தேன். இனிப் போகிறவர்கள் நேராக இரண்டாம் முறையிலிருந்தே தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம்

போர்னியோ தீவின் வடக்கே மலேசியாவின் சபா மாநிலம். அங்கே ஓடுவது கினபாத்தாங்கான் ஆறு, சுமார் 560 கிலோமீட்டர். மலேசியாவில் இதைவிட நீளமானது சரவாக்கின் ராஜாங் ஆறு மட்டுமே. அமேசான், காங்கோ என்று பெரிய பெயர்கள் உண்டுதான். ஆனால் காரைக்குடிப் பக்கத்து ஆளுக்குக் கைக்கெட்டும் மழைக்காட்டு ஆறு இதுதான் என்பேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து சண்டகானுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்புறம் சாலை வழியாக இரண்டரை மணி நேரம். ஆற்றங்கரைக் கிராமமான சுக்காவ் வந்துவிடும்.

மழைக்காட்டுக்கும் ஆற்றுக்கும் செட்டிநாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடல் தாண்டிக் கொண்டு விற்கப் போனவர்கள் காலத்துப் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்கைத் தொட்டுப் பாருங்கள். பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் காட்டிலேயே மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே காயவிட்டு, பிறகு சாய்த்து, தெப்பமாகக் கட்டி ஐராவதி ஆற்றில் விடுவார்கள். ஆற்றில் மிதந்து வந்த மரத்தைத்தான் நாம் முகப்பில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நாள் குறிப்பது

நம் கண்மாயை நிரப்பும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும் பெருமழை கொண்டுவருகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு கரை தாண்டும், நடைபாதைகள் மூழ்கும், யானைகள் மேட்டு நிலம் தேடிப் போய்விடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பிள்ளைகளின் மே விடுமுறையும் அதற்குள் வந்துவிடுகிறது. அப்போதும் பிற்பகலில் ஒரு மழை இருக்கும். மழைக்காடு என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

நாள் எது என்பதைவிட முக்கியம், எத்தனை இரவு என்பது. முதல் முறை எனக்கு ஒரு முகவர் விற்றது ஒரே இரவு, இரண்டு படகுச் சவாரி. முதல் சவாரியில் மழை கொட்டியது. இரண்டாவதில் யானைச் சாணியைப் பார்த்தேன். சாணி புதுசுதான், யானைதான் இல்லை. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். மூன்று இரவில் ஆறேழு சவாரி கிடைக்கும். யானைக் கூட்டம் கரையோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். இன்று எந்த வளைவில் நிற்கிறது என்று படகோட்டிகள் தங்களுக்குள் போனில் சொல்லிக்கொள்வார்கள். மறுநாள் அந்த இடத்துக்குப் போக நீங்கள் மறுநாளும் அங்கே இருக்க வேண்டுமே.

காகிதங்கள்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். நிரந்தரச் சட்டமில்லை, காலம் குறித்து நீட்டிக்கும் சலுகைதான். ஆகவே சீட்டு எடுக்குமுன் ஒருமுறை சரிபாருங்கள். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அரசின் தளத்தில் அது இலவசம்; காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். சபாவுக்குத் தனிக் குடிவரவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரில் முத்திரை குத்தியாகிவிட்டதே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், சண்டகானில் மறுபடி கேட்பார்கள். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் இருப்பதால் விமானம் மாற நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கிழக்குச் சபாவின் கடலோரத்துக்குப் பல நாடுகள் பாதுகாப்பு எச்சரிக்கை வைத்திருக்கின்றன. கிளம்புமுன் அதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஊரிலேயே ஒத்திகை

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு மிகவும் உதவியது இதுதான். முதல் பயணத்தில் படகோட்டி "அதோ" என்று காட்டிய மரத்தில் என் பைனாகுலர் நிலைகொள்வதற்குள் பறவை பறந்துவிடும். நாலு முறை இப்படி ஆன பிறகு, வெறும் கண்ணால் பார்த்தவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாசி மாதத்துக்குள் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1977இல் சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள் அவை. பறவைகள் மிரளக்கூடாதென்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. கரையில் நின்று, முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடியுங்கள். கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கிடைக்காது. ஒரு காலைப் பொழுது பழகினால் கை படிந்துவிடும். அங்கே நீங்கள் பார்க்கும் பாம்புத்தாரா கினபாத்தாங்கான் கரையிலும் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும். அயலூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

வாங்குவதானால் 8x42 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்பதால் காட்டின் மங்கிய வெளிச்சத்திலும் துலங்கும். பத்து, பன்னிரண்டு மடங்கெல்லாம் ஆடும் படகில் தலைவலிதான்.

இரண்டாவது ஒத்திகை படகில். காரைக்குடியிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில்தான் முத்துப்பேட்டை இருக்கிறது. வனத்துறை அனுமதியுடன் ஜாம்புவானோடையிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். தாழ்வான இருக்கையில் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார முடிகிறதா, இடுப்பு என்ன சொல்கிறது, வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

பை

முழுக்கைச் சட்டை, மெல்லிய பேன்ட், எல்லாம் மண் நிறத்திலோ பாசி நிறத்திலோ இருக்கட்டும். பருத்தி காயாது, ஜீன்ஸ் காயவே காயாது. இரண்டு ஜோடிச் செருப்பு: ஒன்று நனைய, ஒன்று அறைக்கு. குடை வேண்டாம், படகில் பின்னால் இருப்பவருக்கு உங்கள் குடைதான் தெரியும். தலையோடு போட்டுக்கொள்ளும் ரெயின்கோட் எடுங்கள். போனுக்கும் கேமராவுக்கும் நீர் புகாத பை. இல்லாவிட்டால் நம் ஊர்க் கெட்டிப் பாலிதீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. மின்செருகி அங்கே மூன்று சதுரக் கால் வகை; அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

அட்டைக் கடி பயமா? முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை விற்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடந்தால் போதும். படகில் இருக்கும்போது அட்டை வராது. கொசு அப்படியல்ல. சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலசி மலேரியா உண்டு. பூச்சி விரட்டும் களிம்பு கட்டாயம். மாத்திரை வேண்டுமா என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் சோறும் மீனும் கீரையும். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போவது உத்தமம். நான் ஒரு டப்பா மனகோலமும் தேன்குழலும் கொண்டுபோனேன். அது யாருக்குப் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தங்குமிடம்

சுக்காவ், பிலிட், பத்து பூத்தே என்று மூன்று கிராமங்கள். முதல் இரண்டிலும் விடுதிகள் அதிகம். வீட்டில் தங்கும் ஏற்பாடும் உண்டு. பத்து பூத்தேயில் ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கமே தங்கும் வீடுகளையும் படகுகளையும் நடத்துகிறது. அழிந்த காட்டில் மரம் நடும் வேலையையும் அவர்களே செய்கிறார்கள். முதல் முறை போகிறவர் இரண்டு இரவு விடுதி, ஓர் இரவு வீடு என்று பிரித்துக்கொள்ளலாம். எனக்கு மூன்றும் வீட்டிலேயே என்றாலும் சரி.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஒரு படகில் எத்தனை பேர்? மொத்தம் எத்தனை சவாரி? படகோட்டி இந்த ஊர்க்காரரா? சண்டகானிலிருந்து வண்டி சேர்த்தா, தனியா? முதல் கேள்விக்கு எட்டுக்கு மேல் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இருபது பேர் படகில் எப்போதும் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், ஒருவர் எழுந்து நிற்பார். தவிர, பெரிய படகு கிளையாறுகளுக்குள் நுழைய முடியாது. பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

படகில்

நம் நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி முன்னால். காலை ஆறு மணிப் படகு என்றால் உங்கள் உடம்புக்கு அது மூன்றரை மணி. முதல் நாள் வலிக்கும். இரண்டாம் நாள் சரியாகிவிடும்.

ஏறும்போது கையில் எதுவும் வேண்டாம். பையை முதலில் கொடுத்துவிட்டு, படகின் நடுவில் காலை வையுங்கள், விளிம்பில் அல்ல. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை உட்காருமுன் மாட்டுங்கள். கனமானவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகோட்டி மரியாதையாகச் சிரித்துவிட்டு மாற்றி உட்காரச் சொல்வார், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாது. கையைத் தண்ணீரில் விட்டு அளைவது நம் பழக்கம். அங்கே அதை மறந்துவிடுங்கள். அந்தப் பழுப்புத் தண்ணீரில் இருப்பவை உவர்நீர் முதலைகள். கரைச் சேற்றில் வாயைத் திறந்துகொண்டு கட்டை மாதிரி கிடக்கும். குளிக்க ஆசைப்பட்டால் அறையில் வாளி இருக்கிறது.

படகோட்டியிடம் சொல்ல ஒரு சொல் போதும்: "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக. சுக்காவ் அருகே மெனங்குல் என்ற கிளையாற்றுக்குள் போகும்போது மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். சிலரிடம் மின்மோட்டார் இருக்கும், சத்தமே வராது. அந்த நிசப்தத்தில்தான் காடு காது கேட்கும் தூரத்துக்கு வரும். ஏதோ கிளை முறிகிறது, ஏதோ பழம் தண்ணீரில் விழுகிறது. காற்றே இல்லாமல் ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே பாருங்கள். விலங்கைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள்.

மாலை நாலு மணிச் சவாரியை எக்காரணத்தாலும் விடாதீர்கள். காரணம் நீள்மூக்குக் குரங்கு. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். பகலில் உள்காட்டில் தழை தின்றுவிட்டு, பொழுது சாயும் நேரம் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வரும். மேகச் சிறுத்தை போன்றவை அங்கே நெருங்குவது கடினம் என்பது ஒரு காரணம். ஆணுக்குத்தான் அந்தத் தொங்கும் மூக்கு. பானை வயிறும் சிவந்த முகமுமாக இருப்பதால் மலாயில் இதற்கு "டச்சுக்காரக் குரங்கு" என்றே பெயர். ஆண்ட துரைமாருக்கு அப்படியொரு மரியாதை. ஒரு ஆண், நாலைந்து பெண், குட்டிகள் எல்லாம் ஒரே மரத்தில் வரிசையாக உட்கார்ந்து உங்களையே பார்க்கும். கல்யாண வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

இரவுச் சவாரி ஒன்று போதும். கிளை நுனியில் மீன்கொத்திகள் பந்து மாதிரி சுருண்டு தூங்கும். முதலையின் கண் டார்ச் வெளிச்சத்தில் கங்கு போல மின்னும். படகோட்டி மட்டும் விளக்கடிக்கட்டும். தூங்கும் பறவையின் முகத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் பாய்ச்சினால் "போதும், போகலாம்" என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய வளைவு ஆற்றிலிருந்து அறுந்து தனி ஏரியாகத் தங்கிவிடுவதைப் பள்ளிக்கூடத்தில் குருட்டாறு என்று படித்திருப்போம். அங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். காலைச் சவாரியில் ஒன்றுக்காவது கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு விலங்குகள்?

போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் இந்த ஆற்றோரம் உண்டு. யானை உண்டு. ஒராங்குட்டான் உண்டு, ஒவ்வோர் இரவும் இலைகளை மடித்துப் புதுப் படுக்கை போடும், அந்தக் கூடுகளைக் கண்டால் அருகே தேடலாம், பழுத்த அத்தி மரம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாம் பயணத்தில் மூன்று நாளில் நான் பார்த்ததை நினைத்துக் காடு செழித்துக் கிடக்கிறது என்று நம்பி, அதைப் படகோட்டியிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டினார்: ஆற்றோரம் ஒரு பட்டை காடு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்ப் பனை, கோடு போட்டு நட்ட மாதிரி.

விலங்குகள் கரையில் நெருக்கியடித்து நிற்பது போக வேறு இடமில்லாததால்தான். 2005இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கீழ்க் கினபாத்தாங்கான் காடு ஒரே துண்டு அல்ல, பத்துத் துண்டுகள். உயர்ந்த மரங்கள் போனதால் நீந்தத் தெரியாத ஒராங்குட்டான் கிளையாற்றைத் தாண்ட முடியாமல் நின்றது. அதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கரைக்குக் கரை கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் அது தொங்குவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். போர்னியோ யானையை 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்திலுள்ளது என்று பட்டியலிட்டது. எஞ்சியிருப்பது ஏறக்குறைய ஆயிரம். ஆகவே யானை தண்ணீரில் இறங்கி அக்கரைக்கு நீந்தும்போது படகைக் குறுக்கே விடச் சொல்லி வீடியோ எடுக்காதீர்கள். வேறு படகு அப்படிச் செய்தாலும் உங்கள் படகைப் பின்வாங்கச் சொல்லுங்கள்.

கரையோர வீடுகளில்

அங்கிருக்கும் மக்களுக்கு ஒராங் சுங்கை என்று பெயர். "ஆற்று மக்கள்" என்று பொருள். பெரும்பாலும் முஸ்லிம்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது, வலக்கையால் வாங்குவது, பெரியவர் முன் குரலைத் தாழ்த்துவது எல்லாம் நம் வீட்டு வழக்கம்தான், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

கோலாலம்பூரில் தமிழை வைத்தே பாதி நாள் ஓட்டிவிடலாம். சுக்காவில் முடியாது. ஆனால் காது கொடுத்தால் பழகிய சொற்கள் விழும். கடைக்கு "கெடாய்", கப்பலுக்கு "காப்பால்". இரண்டும் நம்மிடமிருந்து போனவை. யானைக்கு "காஜா" என்றார் வீட்டுக்கார அம்மா. நான் "கஜம்" என்றேன். இருவரும் சிரித்தோம். தேன்குழல் டப்பாவைத் திறந்தது அப்போதுதான். அவருடைய பேரப்பிள்ளைகள் மறுநாள் காலைக்குள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். மனகோலத்தின் வெல்லப்பாகு அந்த ஈரக் காற்றில் பிசுபிசுத்துவிட்டது. அதை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

காசு கொடுத்துப் பார்க்கும் "கிராமத்து நடனம்" எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதைவிட, ஆற்று இறாலுக்குக் கூடு வைக்கப் போகும்போது கூட வரலாமா என்று கேளுங்கள். மாலையில் தேங்காயோ மரவள்ளியோ இரையாக வைத்து இறக்குவார்கள், காலையில் தூக்குவார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஆற்றைப் பற்றி நான் கேட்டறிந்தது எந்த விளக்கப் பலகையிலும் இல்லை. வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்பதை வீட்டின் கால்களில் தொட்டுக் காட்டினார்கள்.

பத்து பூத்தே அருகில் ஆகோப் பத்து துலுக் குகையில் பல நூற்றாண்டுப் பழமையான மரச் சவப்பெட்டிகள் இருக்கின்றன. நேரமிருந்தால் ஏறிப் பாருங்கள். கோமந்தோங் குகை வேறு ரகம்: உழவாரன் குருவிகளின் கூடுகளைச் சமையலுக்காகப் பிரம்பு ஏணியில் ஏறி எடுக்கும் இடம். தரையெல்லாம் எச்சமும் கரப்பானும். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள்

சண்டகான் அருகே செப்பிலோக்கில் 1964இல் தொடங்கிய ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. எல்லோரும் அதை முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். நான் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். மேடையில் பழம் தின்னும் ஒராங்குட்டானை முதலில் நெருக்கமாகப் பார்த்துவிட்டால், ஆற்றோர மரத்தில் அறுபது அடி உயரத்தில் தெரியும் செம்பட்டை முதுகு உங்களுக்குப் போதாமல் போய்விடும். உணவு வைப்பது காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும். சுக்காவிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு வசதியாகப் போய்ச் சேரலாம். ஆகவே சண்டகானிலிருந்து திரும்பும் விமானத்தைப் பிற்பகல் இரண்டுக்கு மேல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஈரத் துணிகளைத் தனிப் பாலிதீனில் கட்டி, பெட்டியின் மேலேயே வையுங்கள்.